ஸ்காட்லாந்தின் ஏப்ரல் மழைக்கு எடுத்துப்போன உடுப்பும் ஷூவும்: எது உழைத்தது, எது பெட்டியிலேயே கிடந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் ஸ்காட்லாந்து போகிறவர்கள், உடுப்புக்கு என்று ஒதுக்கிய பணத்தில் பாதியைக் காலுக்குப் போடுங்கள். மீதியில் பெரும்பங்கு ஒரு நல்ல மழை ஜாக்கெட்டுக்கு. பஞ்சு அடைத்த பெரிய குளிர்கோட்டுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம். நானும் வீட்டுக்காரரும் அத்தையும் எடின்பரோவில் ஆரம்பித்து க்ளென்கோ பள்ளத்தாக்கு, ஃபோர்ட் வில்லியம் ஊர், ஸ்கை தீவு என்று சுற்றிவிட்டு வந்தோம். நான் ஜீன்ஸ், சுடிதார் போடுகிற ஆள், அவர் பேன்ட் சட்டை, அத்தை புடவையைத் தவிர வேறு எதையும் கட்டாதவர். அதனால் மூன்று விதமான உடுப்பும் அந்த மழையில் என்ன ஆனது என்று பக்கத்திலிருந்து பார்த்தேன். சென்னையில் கிடைக்கிற சாமானை வைத்தே எழுதுகிறேன், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கிற பட்டியல்கள் பெரும்பாலும் வீட்டு ஆணியில் ஏற்கெனவே ஒரு மழை ஜாக்கெட் தொங்குகிறவர்களுக்காக எழுதியவை.

எடின்பரோவில் ஏப்ரல் பகலில் 11, 12 டிகிரி இருக்கும், ராத்திரியில் 4 டிகிரி பக்கம் இறங்கும். ஊட்டியில் டிசம்பர் ராத்திரியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குளிர் புதிதில்லை. மழையும் அளவில் பயப்படும்படி இல்லை. சென்னையில் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது, எடின்பரோவில் அதில் பாதிதான். ஆனால் நமக்கு அது ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும், அங்கே வருஷம் முழுக்கப் பிரித்துப் பிரித்துத் தூறுகிறது, அதுவும் மேலேயிருந்து விழாமல் காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் வந்து முகத்தில் அடிக்கிறது. பத்து நிமிஷம் தூறல், அப்புறம் பளிச்சென்று வெயில், மறுபடி தூறல். மேற்கே போகப் போக இன்னும் கூடுதல், அட்லாண்டிக்கிலிருந்து வருகிற மேகம் மலையில் முட்டுவதால் ஃபோர்ட் வில்லியம் பக்கம் எடின்பரோவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் மழை. ஆக, நாம் தயாராக வேண்டியது குளிருக்கு என்பதைவிட ஈரத்துக்கும் காற்றுக்கும்தான். உடம்பு நனையாமல் இருந்தால் 8 டிகிரியில் சுகமாக நடக்கலாம், நனைந்துவிட்டால் 14 டிகிரியிலும் பல் கிட்டும்.

கிளம்புவதற்கு முன்னால் குளிர் உடுப்பு வாடகைக்குத் தருகிற ஒரு கடைக்குப் போனோம், கடைக்காரர் மைனஸ் பத்து டிகிரியையும் தாங்கும் என்று ஒரு கோட்டை எடுத்து மாட்டிவிட்டார். அவர் சொன்னது பொய்யில்லை, தாங்கும்தான். ஆனால் மைனஸ் பத்து அங்கே எங்கே இருக்கிறது? அந்த மாதிரிக் கோட்டுக்குள் இருக்கிற இறகோ பஞ்சோ காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் சூடு தருகிறது. இறகு நனைந்தால் கட்டிதட்டி அமுங்கிப்போய், காற்றைப் பிடிக்கிற சக்தியே போய்விடும். தவிர, பேருந்து, ரயில், மியூசியம், சாப்பாட்டுக் கடை என்று உள்ளே எங்கே நுழைந்தாலும் ஹீட்டர் ஓடும், அந்தக் கோட்டைக் கழற்றினால் கையில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். வீட்டுக்காரர் மட்டும் கேட்காமல் ஒன்று எடுத்தார். பெட்டியில் கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்டு போய், அப்படியே மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது.

அதற்குப் பதில் மெல்லிசாக இரண்டு மூன்று அடுக்கு போடுவதுதான் சரி. உள்ளே ஒரு முழுக்கை பனியன், அதன் மேல் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற பாலியெஸ்டர் மேல்சட்டை, அதன் மேல் மழை ஜாக்கெட். ஃப்ளீஸுக்கு யோசிக்கவே வேண்டாம், டெக்கத்லானில் ஆயிரம் ரூபாய் சுற்றுவட்டத்தில் கிடைக்கிற க்வெச்சுவா ஃப்ளீஸ் போதும். எடையே தெரியாது, நனைந்தாலும் பிழிந்து உதறிப் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும், மூன்று பேரும் தினமும் அதைத்தான் போட்டோம். கழுத்துவரை ஜிப் ஏறுகிற மாதிரி வாங்கினால் மஃப்ளர் மிச்சம்.

உள் பனியனில்தான் கொஞ்சம் பார்த்து வாங்க வேண்டும். தி. நகரில் தெர்மல் என்று விற்பதில் பாதி பருத்தி கலந்தது. வீட்டில் உட்கார்ந்திருக்க, ரயிலில் தூங்க அது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஏற்றத்தில் நடந்தால் முதுகு வியர்த்து, அந்த வியர்வையைப் பருத்தி குடித்து வைத்துக்கொள்ளும், அப்புறம் காற்றடிக்கும்போது ஈரத்துணி முதுகில் ஒட்டிக்கொண்டு நடுக்கும். மெரினோ கம்பளியில் மெல்லிசாக ஒன்று வாங்கிவிடுங்கள், விலை கூடுதல்தான், இருந்தாலும் அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தோலில் ஈரமாகத் தெரியாது. நாள்கணக்கில் போட்டாலும் வாடை வராது என்பது பெட்டி கட்டுகிறவர்களுக்குப் பெரிய வரம். பணம் இல்லையென்றால் ஓடுகிறவர்கள் போடுகிற பாலியெஸ்டர் முழுக்கை பனியன் போதும், ஆனால் தினமும் அலச வேண்டியிருக்கும்.

இப்போது மழை ஜாக்கெட். இங்கே ஸ்கூட்டருக்கு வாங்குகிற ரெயின்கோட் எதற்கும் ஆகாது, உள்ளே வெந்துவிடுவோம். ரப்பர் தடவிய துணியின் கதையே ஸ்காட்லாந்தில்தான் ஆரம்பிக்கிறது. கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் மேக்கின்டாஷ் 1823-இல் ரப்பரை நாப்தாவில் கரைத்து, இரண்டு துணிக்கு நடுவில் பூசி நீர் புகாத துணிக்குக் காப்புரிமை வாங்கினார். வெளித்தண்ணீர் உள்ளே வராது, உள்வியர்வையும் வெளியே போகாது. அந்த இரண்டாவது சிக்கல் தீர நூற்றைம்பது வருஷம் பிடித்தது: 1969-இல் அமெரிக்காவில் பாப் கோர் டெஃப்லானை வெடுக்கென்று இழுத்துப் பார்த்ததில், நீராவி மட்டும் புகுந்து போகிற அளவுக்கு நுண்துளை உள்ள சவ்வு கிடைத்தது, கோர்டெக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது அதுதான். அந்தப் பெயர் போட்டது விலை அதிகம், கட்டாயமும் இல்லை. இதே வேலையைச் செய்கிற வேறு சவ்வு வைத்த ஜாக்கெட் ஐந்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, நான் வாங்கியதும் அப்படி ஒன்றுதான்.

கடையில் எதைப் பார்ப்பது? லேபிளில் மில்லிமீட்டரில் ஒரு எண் இருக்கும், துணியின் மேல் எவ்வளவு உயரத் தண்ணீரை நிறுத்தினால் கசியாமல் தாங்குகிறது என்பதன் கணக்கு அது. 2,000 என்றிருந்தால் தூறலுக்குச் சரி. முதுகுப்பையை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நடப்பதென்றால் பட்டை தோளில் அழுத்துகிற இடத்தில் அது பற்றாது, 10,000 பக்கம் பாருங்கள். அப்புறம் ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பி எல்லாத் தையல் மேலும் பட்டையாக டேப் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தோள் தையலில் மட்டும் ஒட்டிவிட்டு மற்ற இடத்தில் விட்டிருப்பார்கள், தண்ணீர் ஊசித்துளை வழியாகத்தான் வரும். ஜிப்புக்கு மேலே மூடி இருக்க வேண்டும். அக்குளில் ஜிப் இருந்தால் ரொம்ப நல்லது.

ஹூட்டை மட்டும் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். தலையை இடது வலது திருப்புங்கள். ஹூட்டும் கூடவே திரும்ப வேண்டும், இல்லையென்றால் சாலையைக் கடக்கும்போது துணியின் உள்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அங்கே வண்டியும் நம் ஊர் மாதிரியே இடது பக்கம்தான் போகிறது என்றாலும் வேகம் வேறு. பின்தலையில் இழுத்துக் கட்ட ஒரு கயிறு, நெற்றியில் கொஞ்சம் விறைப்பான விளிம்பு, இரண்டும் அவசியம். கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது போதாது, ஹூட்டுக்குள்ளே முன்நீட்டல் வைத்த சாதாரணத் தொப்பி ஒன்று போட்டுக்கொண்டால் கண்ணாடியில் துளி விழாது. நான் கண்ணாடிக்காரி, இந்தத் தொப்பி இல்லாமல் ஸ்கையில் ஒன்றையுமே பார்த்திருக்க மாட்டேன்.

ஜாக்கெட் எப்படி இருந்தது என்றால், எடின்பரோவில் அப்பழுக்கில்லை. ஆர்தர்ஸ் சீட் என்கிற பழைய எரிமலைக் குன்று ஊருக்குள்ளேயே இருக்கிறது, 251 மீட்டர்தான், மேலே போகும்போது காற்று ஆளைத் தள்ளுகிறது. மழை தோளில் முத்து முத்தாக உருண்டு ஓடியது, உள்ளே காய்ந்த மாதிரியே இருந்தது. ஸ்கையில் ஓல்டு மேன் ஆஃப் ஸ்டோர் என்கிற பாறைத்தூணுக்குப் போகிற ஏற்றத்தில் விடாமல் பெய்தபோது, பைப்பட்டை உராய்ந்த இடத்தில் மேல்துணியின் நீர்விலக்கும் பூச்சு தேய்ந்து, முத்து உருள்வது நின்று துணி கறுத்துப்போனது. தண்ணீர் உள்ளே வரவில்லை, ஆனால் மேல்துணி நனைந்துவிட்டால் நீராவி வெளியே போக வழியில்லாமல் உள்ளே புழுங்கும், உள்பனியன் பிசுபிசுக்கும், பலபேர் இதைத்தான் ஜாக்கெட் ஒழுகுகிறது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள். கைப்பட்டியையும் நன்றாக இறுக்கி ஒட்டுங்கள், போன் எடுத்துப் படம் பிடிக்கக் கையைத் தூக்கினால் முழங்கைவரை தண்ணீர் இறங்கும்.

ஜீன்ஸ் பற்றி ஒரே வரி: நனைந்த ஜீன்ஸ் ஒரு ராத்திரியில் காயாது. நான் ஒன்று மட்டும் விமானத்துக்கும் எடின்பரோவில் மழையில்லாத மாலைக்கும் வைத்திருந்தேன். மற்றபடி நைலான் கலந்த மலைநடை பேன்ட்தான், நனைந்தாலும் நடக்க நடக்கவே காய்ந்துவிடுகிறது. ஹைலேண்ட்ஸ் என்கிற வடமேற்கு மலைப்பகுதிக்குப் போகிறவர்கள் மேலே மாட்டுகிற மழை பேன்ட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முழங்கால்வரை பக்கவாட்டு ஜிப் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அப்போதுதான் ஷூவைக் கழற்றாமல் போட முடியும், சேற்றில் ஒற்றைக் காலில் நின்று ஷூ கழற்றுவது நடக்கிற காரியமில்லை.

அத்தையின் புடவை விஷயத்தைக் கொஞ்சம் விரித்து எழுத வேண்டும், ஏனென்றால் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப்போகிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும். நான் கட்டாயப்படுத்தவில்லை. புடவை கட்டியே ஸ்காட்லாந்து பார்க்க முடியும், ஆனால் பருத்தியும் பட்டும் வேண்டாம், மெல்லிய சிந்தெடிக் புடவையாக எடுக்க வேண்டும். பருத்திப் பாவாடைக்குப் பதில் உள்ளே கம்பளி கலந்த லெக்கிங்ஸ், அதன் மேல் மெல்லிய பாலியெஸ்டர் பாவாடை. ரவிக்கைக்கு மேலே மெரினோ முழுக்கை, அதன் மேல் முந்தானையைச் சுற்றி ஃப்ளீஸ், பிறகு தொடைவரை நீளமான மழை ஜாக்கெட், ஆண்கள் சைஸில் பெரியதாக வாங்கினால் முந்தானையோடு ஜிப் போட முடிகிறது. சிக்கல் கொசுவத்தில்தான் வந்தது. கொசுவத்தின் அடி தரையிலிருந்து தண்ணீரை உறிஞ்சி முழங்கால்வரை ஏற்றிவிடும், ராயல் மைல் என்கிற எடின்பரோவின் பழைய பெரிய தெருவில் ஒரு நடை போய் வந்ததற்கே கீழ்ப்பாதி கனத்துத் தொங்கியது. கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நிற்கிற மாதிரி உயர்த்திக் கட்டினோம், அதற்கப்புறம் கீழே லெக்கிங்ஸும் ஷூவும்தான் மழையில் படும், தொல்லை தீர்ந்தது. “இது நாத்து நடுற கட்டுதானேம்மா” என்றார் அத்தை, அவர் தஞ்சாவூர்ப் பக்கம். ஸ்கையில் மலையேறவில்லை என்றால் இது போதும். ஏறுவதாக இருந்தால் சுடிதாருக்கு மாறச் சொல்லிப் பேசிப் பாருங்கள், காற்று பலமாக அடிக்கும்போது கொசுவம் காலைச் சுற்றிக்கொள்வது ஆபத்து.

ஷூவுக்கு வருகிறேன். ராயல் மைல் முழுக்க கருங்கல் பாவிய தெரு, மழையில் வழுக்கும், எடின்பரோ கோட்டைக்குள்ளும் அப்படியே. க்ளென்கோவில் பாதை என்பது கல்லும் ஓடைத் தண்ணீரும் கலந்தது, பாதையை விட்டு ஓரடி ஒதுங்கினால் புல்லுக்குக் கீழே ஈரக் கரிமண், கால் உள்வாங்கும். இதற்குத் துணி ஸ்னீக்கர்ஸ் அரை மணி நேரம் தாங்காது. கணுக்கால்வரை ஏறுகிற, உள்ளே நீர்புகாச் சவ்வு வைத்த, அடியில் ஆழமான பல் உள்ள மலைநடை ஷூ ஒரு ஜோடி வேண்டும். வாட்டர்ப்ரூஃப் என்றும் வாட்டர் ரெசிஸ்டன்ட் என்றும் போட்டிருப்பதில் இரண்டாவதை நம்பாதீர்கள், அது தூறலோடு சரி.

சாயங்காலமாகக் கடைக்குப் போங்கள், அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். அங்கே போடப்போகிற தடித்த சாக்ஸையும் கையோடு எடுத்துப் போய்ப் போட்டுப் பாருங்கள். கட்டை விரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும், இறக்கத்தில் நடக்கும்போது நகம் முட்டக் கூடாது. நாம் வருஷம் பூராவும் செருப்பில் நடக்கிறவர்கள், விரல்கள் விரிந்திருக்கும், வெளிநாட்டு ஷூ பலது முன்பக்கம் குறுகல். அகலமான மாடல் இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள். கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலிருந்தே வீட்டுக்குள்ளும் மாடிப்படியிலும் போட்டு நடக்க வேண்டும், சென்னை வெயிலில் கால் வேகும், பரவாயில்லை. அங்கே போய்க் கொப்புளம் வந்தால் மொத்தப் பயணமும் போச்சு.

வீட்டுக்காரருக்குப் புது ஷூ வாங்கவில்லை, அவருடைய அண்ணன் நாலைந்து வருஷம் முன்னால் வாங்கி இரண்டே தடவை போட்டு, அட்டைப்பெட்டியோடு லாஃப்டில் வைத்திருந்ததைக் கொடுத்தார். பார்க்கப் புத்தம்புதுசு. நல்ல விலையுள்ள ஷூவும்கூட. க்ளென்கோவில் கீழே இறங்கி வரும்போது இடது காலில் அடிப்பாகம் குதியிலிருந்து வாய் பிளந்தது. கையால் தொட்டால் நடு அடுக்கு ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. பசை விட்டுப்போனதில்லை இது. பல ஷூக்களில் நடு அடுக்குக்குப் பாலியூரித்தேன் நுரை வைக்கிறார்கள், அது காற்றில் இருக்கிற ஈரத்தோடு சேர்ந்து வருஷக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே உடைந்துகொண்டு வரும், போடாமல் மூடிவைத்தாலும் நிற்காது. சென்னை மாதிரிக் கடலோர ஈரத்தில், லாஃப்ட் சூட்டில், இன்னும் வேகம். லேஸைக் கழற்றி அடிவரை சுற்றிக் கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வந்து சேர்ந்தார். மறுநாள் ஃபோர்ட் வில்லியமில் புது ஷூ வாங்கினோம், அங்கே மலையேறுகிறவர்கள் ஊர் என்பதால் கடைத்தெருவிலேயே கிடைக்கிறது, பவுண்டில் கொடுக்கும்போது மனசு வலித்தது. உறவினர் கொடுத்தாலும் சரி, நீங்களே எடுத்து வைத்திருந்தாலும் சரி, பழைய ஷூவின் நடு அடுக்கைக் கட்டை விரலால் நன்றாக அழுத்திப் பாருங்கள். விரிசல் தெரிந்தாலோ, அழுத்தின குழி எழும்பாமல் நின்றாலோ அதை எடுத்துப் போகாதீர்கள். பழைய மழை ஜாக்கெட்டையும் இதே மாதிரி உள்பக்கம் பாருங்கள், பூச்சு பிசுக்கென்று ஒட்டினாலோ செதில் செதிலாக உரிந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது.

நீர்புகாத ஷூவுக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீர் மேல்வாய் வழியாக உள்ளே போய்விட்டால் வெளியேயும் வராது. காலில் வழிகிற மழை பேன்ட் வழியாக இறங்கி சாக்ஸில் போய்ச் சேர்வதுதான் வழக்கமாக நடப்பது, அதனால் மழை பேன்ட்டின் அடியை ஷூவுக்கு வெளியே விடுங்கள், உள்ளே செருகாதீர்கள். நனைந்துவிட்டால் இன்சோலைத் தனியாக எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே அடைத்து, ஒரு மணி நேரத்தில் ஒரு தடவை மாற்றுங்கள். ஹீட்டர் மேல் நேரே வைக்கக் கூடாது, பசை இளகும். ஹைலேண்ட்ஸில் ஹாஸ்டல்கள் பலவற்றில் துணி, ஷூ காயவைக்கவே தனி அறை உண்டு, அறை பதிவு செய்யும்போது அதைக் கேட்டுக்கொள்வது நல்லது, காலை உணவு இருக்கிறதா என்று கேட்பதைவிட அது முக்கியம் என்பேன். இரண்டாவது ஜோடியாக வலைத்துணி வைத்த லேசான ஓட்ட ஷூ ஒன்று எடுத்துப் போனால் முதலாவது காய்கிற நேரத்தில் ஊரைச் சுற்றலாம். அறைக்குள் போட ரப்பர் செருப்பு. அதற்கு மேல் ஷூ வேண்டாம்.

குடை எடுத்துப் போனோம், எடின்பரோ வேவர்லி ஸ்டேஷன் படிக்கட்டில் காற்று அதைத் திருப்பிப் போட்டதோடு அதன் வேலை முடிந்தது. கையுறை மெல்லிசாக ஒன்று, காது மூடுகிற கம்பளிக் குல்லா ஒன்று, இரண்டும் தினமும் பயன்பட்டன. ஏப்ரலில் ராத்திரி எட்டு மணிவரை வெளிச்சம் இருப்பதால் நீண்ட நேரம் வெளியே இருப்போம், வெயில் போனதும் சட்டென்று குளிர் ஏறும். கொசு மாதிரிக் கடிக்கிற மிட்ஜ் பூச்சி மே கடைசியில்தான் கிளம்பும் என்பதால் அதற்கு ஒன்றும் எடுக்கத் தேவையில்லை.

ஒரு வாரத்துக்கு ஆளுக்கு இவ்வளவு போதும்: மெரினோ பனியன் இரண்டு, ஃப்ளீஸ் ஒன்று, மழை ஜாக்கெட், மழை பேன்ட், நடக்கிற பேன்ட் இரண்டு, கம்பளி சாக்ஸ் நாலு ஜோடி. ராத்திரி வாஷ்பேசினில் அலசி, உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி முறுக்கினால் தண்ணீர் துண்டுக்குப் போய்விடும், காலையில் போட்டுக்கொள்ளலாம். கனமான ஷூவையும் ஜாக்கெட்டையும் விமானத்தில் போட்டுக்கொண்டே போங்கள், பெட்டியில் இரண்டு கிலோ மிச்சம், லேஸை மட்டும் தளர்த்திவிட வேண்டும். நாங்கள் போனபோது பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தது, காலிலும் தோளிலும் இருந்ததை வைத்தே முதல் நாளை ஓட்டினோம்.

இங்கே நல்ல ஜாக்கெட் கிடைக்காதவர்கள் வெறுங்கையோடு போனாலும் பிழைத்துக்கொள்ளலாம். எடின்பரோவில் ஸ்டாக்பிரிட்ஜ் பகுதியில் பழைய சாமான் விற்கிற தர்மக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, நல்ல கம்பெனி ஜாக்கெட்டுகள் மலிவாக மாட்டியிருப்பார்கள், நான் சொன்ன டேப், பூச்சு இரண்டையும் பார்த்து எடுங்கள். புதிதாகத்தான் வேண்டும் என்றால் ரோஸ் தெருவில் மலையேற்றக் கடைகள் உண்டு.

திரும்பி வந்ததும் ஜாக்கெட்டை சாதாரண சோப்புப் பவுடரில் ஊறவைக்காதீர்கள், அதன் மிச்சம் துணியில் தங்கி முத்து உருள்வதைக் கெடுக்கும். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் கூடவே கூடாது. இந்தத் துணிக்கென்றே விற்கிற திரவத்தில் அலசி, லேபிளில் அனுமதி இருந்தால் ட்ரையரில் குறைந்த சூட்டில் ஓடவிடுங்கள், மேல்துணியில் மங்கிப்போன நீர்விலக்கும் பூச்சு ஓரளவு எழுந்து வரும். என்னுடையதில் தோள்பட்டை இடத்தில் மட்டும் முழுசாக வரவில்லை, அதற்கு ஸ்ப்ரே வாங்கி அடித்தேன், இப்போது தண்ணீர் தெளித்தால் உருள்கிறது. மடித்து லாஃப்டில் போடாமல் பீரோவில் ஹேங்கரில் மாட்டியிருக்கிறேன், ஷூ இரண்டு ஜோடியும் காற்றோட்டமாகக் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன, மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துப் போட்டு மொட்டை மாடியில் நடக்கிறோம்.